கட்டியா இரிக்கு

பெரியகல்லாற்று முன்பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு வந்திருந்த கல்வி அதிகாரி, கையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "இந்த ஊர்ப் புள்ளைகள் எல்லாரும் இடது கைக்காரரா?"

மைதானம் முழுக்கக் கேட்டது.

வரிசையாக நின்ற பிள்ளைகள் அத்தனை பேரின் இடது கையும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. வலது கை மட்டும் முழங்கையில் மடிந்து, தோளுக்குக் கிட்ட வந்து, மேலே போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல நின்றது. ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லை. முன்னால் நின்று பயிற்சி காட்டிக்கொண்டிருந்த வதனி டீச்சரின் கைகளும் அப்படியேதான் இருந்தன.

வதனி பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். இத்தனை மாதமும் ஒருவருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

காட்சி முடிந்ததும் ஒரு தாய் கிட்ட வந்து காதோடு சொன்னாள். "டீச்சர், என்ட மகன் வீட்டிலயும் இப்பிடித்தான். சட்டை போடவும் வலது கையைத் தூக்குறான் இல்ல. கேட்டா, டீச்சர் இப்பிடித்தான் செய்யிறவ எண்டுறான்."

அடுத்த கிளினிக்கில் கையைப் பற்றி வாயைத் திறப்பது என்று வதனி அங்கேயே முடிவு செய்தாள்.

வலது மார்பில் கட்டி வந்து, அதை மார்போடு எடுத்து, மருந்து ஏற்றி, கதிர் அடித்து, அவள் பிழைத்து எழும்பி ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. கொட்டிப்போன முடி திரும்பி வந்திருந்தது. முன்பு இல்லாத ஒரு சுருளும் சேர்ந்து வந்திருந்தது. எல்லாம் திரும்பி வர, வலது கை மட்டும் தோளோடு நின்றுகொண்டது. தூக்கினால் நெஞ்சிலிருந்து அக்குள் வரைக்கும் கயிறு கட்டி இழுத்தாற்போல இருக்கும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் கையை நீட்டினால் தையல் பிரிந்துவிடும் என்று அவளுக்குள்ளே ஒரு பயம். அந்தப் பயத்துக்கு வீட்டிலே ஒரு காவல்காரனும் இருந்தான்.

அவள் புருசன் உதயரூபனுக்குக் கல்லாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தோணி எஞ்சின் திருத்துகிற கடை. ஓடுகிற எஞ்சினுக்கு மேலாலே பேசிப் பழகிய மனிசன். வீட்டிலும் ஏதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரித்தான் பேசுவான். "வதனீ! கையைத் தூக்காத!" என்று அவன் கத்தினால் பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போடுகிற பெண்ணும் கையை இறக்கிவிடுவாள். முறுக்கி விட்ட மீசை, மூக்கு நுனியில் கோபம், கறியில் உப்புக் கூடினால் ஒரு பிரசங்கம், குறைந்தால் இன்னொன்று. ஆனால் அவள் படுத்திருந்த காலம் முழுக்க வீட்டு வேலையை அவன்தான் செய்தான். கத்திக் கத்திச் செய்தான், ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை.

கிளினிக்கில் கையைக் காட்டியதும் அங்கிருந்த டொக்டர், "இதுக்கெண்டே ஒரு ஆள் இரிக்கிறா" என்று சொல்லி ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். காத்தான்குடியைச் சேர்ந்த டொக்டர் சஹ்லா. கதிர் அடித்த பெண்களின் நெஞ்சுத் தசை எவ்வளவு இறுகிப் போகிறது என்று அளந்து பார்க்கிற ஒரு ஆராய்ச்சி அவளுடையது. முக்காட்டுக்குள் சிரித்த முகம், வேகமான பேச்சு.

"நீங்க வெளியில இரிங்க அண்ணன்" என்று உதயரூபனை வாங்கைக் காட்டி இருத்திவிட்டு, வதனியைப் படுக்கையில் சாய்த்தாள்.

"மிஸ், நான் முந்தியும் ஸ்கேன் எடுத்த ஆள்தான்" என்றாள் வதனி.

"அந்த ஸ்கேன் உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு பாக்கும். இது, இரிக்கிறது எவ்வளவு இறுக்கமெண்டு பாக்கும்." கூழ் மாதிரி ஒன்றைக் கருவியில் தடவிக்கொண்டே சஹ்லா சொன்னாள். "எங்கட வீட்டில தறி இருந்தது அக்கா. பாவு நூலைச் சுண்டி விட்டா, நூல் தொய்ஞ்சு கிடந்தா அந்த அதிர்வு ஆறுதலாப் போகும். இறுக்கமா இருந்தா சட்டெண்டு மத்தப் பக்கம் போயிரும். இதுவும் அப்பிடித்தான். ஒலியால சதையைச் சுண்டி விட்டு, அது எவ்வளவு வேகமாப் போகுதெண்டு மெசின் பாக்கும். மெதுவாப் போனா நீலம், வேகமாப் போனா சிவப்பு."

"அமத்துவீங்களா மிஸ்? நோகும்."

"தொட்டும் தொடாமத்தான் வைப்பன். அமத்தினா சதை பொய் சொல்லும்."

முதலில் இடது பக்கம். கூழ் குளிர்ந்தது. திரையில் மழைக்கு முந்திய வாவி மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்து கிடந்தது. அதன் மேலே ஒரு சின்னப் பெட்டி விழுந்தது. பெட்டிக்குள் நீலம் பரவியது. அழகாகத்தான் இருந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள், கையைக் கொஞ்சம் அகட்டச் சொன்னாள். நீலம் நீலமாகவே இருந்தது.

பிறகு வலது பக்கம். தழும்புக்கு மேலே, காறை எலும்புக்குக் கீழே கருவி வந்து நின்றது. பெட்டிக்குள் மஞ்சள் எழுந்தது. மஞ்சளுக்கு நடுவே சிவப்பு, அடுப்பில் ஊதிவிட்ட தணல்போலப் பரந்தது.

சஹ்லாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆராய்ச்சிக்காரிக்கு இவ்வளவு தெளிவான படம் கிடைப்பது பெரிய விசயம். கதவுக்கு வெளியிலும் கேட்கிற குரலில், "ஆ! வலது பக்கம் நல்லாக் கட்டியா இரிக்கு!" என்றாள்.

வதனி படுக்கையில் இருந்து தலையைத் தூக்கினாள். அதே நேரம் வெளியில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

"மிஸ்... கட்டியா?"

சஹ்லா திரும்பிப் பார்த்தாள். படுத்திருந்தவளின் முகத்தில் இரத்தம் இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. கருவியை வைத்துவிட்டு வதனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லாவே! இல்லக்கா, இல்ல! கட்டி இல்ல! சதை கட்டியா இரிக்கெண்டு சொன்னன். இறுக்கமா. கெட்டியா. கதிர் பட்ட சதை இப்பிடித்தான் இறுகும். கட்டியும் இல்ல, ஒண்டும் இல்ல. மத்த ஸ்கேனெல்லாம் கிளீன் எண்டு போன கிளினிக்கிலதானே உங்களுக்குச் சொன்னாங்க?"

வதனி மூச்சு விட்டாள். மூச்சு வந்ததும் கோபம் வந்தது, கோபத்தின் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. "மிஸ், உங்களுக்கு அது ஒரு எழுத்துத்தான். எங்களுக்கு அது உசிர்."

"இண்டையில இருந்து அந்தச் சொல்லே சொல்லமாட்டன். இறுக்கம். இறுக்கம் மட்டும்தான்."

படத்தை இன்னும் ஒரு தடவை காட்டி விளக்கினாள். தையல் எல்லாம் எப்போதோ ஆறிவிட்டது, பிரியாது. கையை நீட்டாமலே வைத்திருந்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும். கீழ் மாடியில் பயிற்சி சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், தினமும் செய்ய வேண்டும். கொஞ்சக் காலம் கழித்துத் திரும்ப அளந்து பார்ப்போம். வதனி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வெளியே வந்தால் வாங்கு காலி. நிலத்தில் சுடுதண்ணிப் போத்தல் உடைந்து, தேத்தண்ணி ஓடிக் கிடந்தது. கொஞ்சம் பொறுத்து உதயரூபன் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இருந்து வந்தான். முகம் நனைந்திருந்தது, மீசை தொங்கிக் கிடந்தது.

"போத்தல் கை தவறிட்டு" என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "மிஸ் என்ன சொன்னா?"

"பயப்பட ஒண்டுமில்லையாம். சதை கொஞ்சம் இறுகிப் போச்சாம். பயிற்சி செய்யட்டாம்."

"ஓம்."

"மறுகா ஒருக்கா வரட்டாம்."

"ஓம் வதனி."

கலியாணம் முடித்த நாளில் இருந்து அவன் மறுபேச்சில்லாமல் அடுத்தடுத்து இரண்டு 'ஓம்' சொன்னதை அவள் கேட்டதில்லை. வெயில் அவனுக்குப் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

உண்மையில் உதயரூபன் அந்த 'ஓம்' சொல்லும்போது வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தான். முதல்முறை கட்டி வந்தபோது, "ஒண்டுமில்ல, சும்மா ஒரு கொப்புளம்" என்று சொல்லியே மாதக்கணக்கில் அவனை ஏமாற்றியவள் வதனி. இப்போது திரும்பவும் ஒன்றுமில்லை என்கிறாள். டொக்டர் கத்தியதை அவன் கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு சொன்னதைக் கேட்க அவன் அங்கே நிற்கவில்லை. குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தான். இதெல்லாம் வதனிக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அன்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கல்முனை பஸ்ஸில் சன்னல் பக்கத்து ஆசனத்தை அவன் அவளுக்கு விட்டதும், ஆரையம்பதியில் இறங்கி ஓடிப்போய் ஒரு குலை முந்திரிகைப் பழம் வாங்கி வந்ததும்தான். பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி நடத்துநரிடம் "தயவு செஞ்சு" என்றான். அந்தச் சொல் அவன் வாய்க்குள் இருந்தது என்பதே அவளுக்குப் புதினம்.

அதற்கு மறுநாள் விடிய அவள் எழும்புமுன் தேத்தண்ணி வந்தது. அடுத்த நாளும் வந்தது. பின்னேரம் செய்தி பார்க்கிற நேரத்தில் ரிமோட்டைத் தானாகக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். அவள் நாடகம் போட்டாள். அவனும் கூட இருந்து பார்த்தான். மருமகளைக் கொடுமைப்படுத்துகிற மாமியார் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்தான். கடைக்கு யாராவது வந்து கூப்பிட்டால், "மெதுவாப் பேசுங்க, வீட்டில ஆள் இரிக்கு" என்று மெதுவாகச் சொன்னான்.

வதனி பயிற்சி செய்யத் தொடங்கினாள். சுவருக்கு முன்னால் நின்று, விரல்களைச் சிலந்திபோலச் சுவரில் ஏற்றி, இழுக்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விட்டு, திரும்ப இறக்க வேண்டும். முன்பு என்றால் "தூக்காத!" என்று கூரை அதிரும். இப்போது அவன் கதவு நிலையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டு, "ஏலுமான அளவுக்குச் செய் புள்ள. களைச்சுப் போகாத" என்றான்.

வதனிக்குப் பயம் பிடித்தது. மனிசன் ஏதோ பிழை விட்டிருக்கிறான். இல்லாவிட்டால் இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருக்க ஏலாது. ஏதாவது உடைத்துவிட்டானோ என்று அலுமாரியைத் திறந்து பார்த்தாள், தையல் மெசினைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. வேறு பெண் யாரும் இருப்பாளோ என்றும் ஒரு நாள் மத்தியானம் முழுக்க யோசித்தாள். ஊரில் உள்ள ஒவ்வொருத்தியையும் மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தாள். அவன் சத்தத்தைத் தாங்கக்கூடிய ஒருத்தியும் அகப்படவில்லை.

கடைசியில் ஒரு சோதனை வைத்தாள். நண்டுக் கறிக்கு உப்பைப் போட்டாள், திரும்பவும் போட்டாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போட்டாள். உதயரூபன் முதல் கவளத்தை வாயில் வைத்தான். அவன் கண்கள் பெரிதாகின. மெதுவாக விழுங்கினான். தண்ணீர் குடித்தான்.

"நல்லாரிக்கு" என்றான்.

வதனி எழும்பிக் குசினிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அந்தக் கிழமை சனம் வரத் தொடங்கியது. புருசனின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் அப்பிளோடு வந்தார்கள். முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் பால்மா டின்களோடு வந்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்து, "நல்லாத்தானே இரிக்கீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். உதயரூபனின் பெரியம்மா சீதேவிப்பிள்ளை மண்டூரில் இருந்து, குருமண்வெளித் துறைக்குப் பாதை என்கிற மிதவையில் வாவியைக் கடந்து, ஒரு தாரா வாத்தையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே வதனியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். தாராவும் சேர்ந்து கத்தியது.

"என்ன மாமி, ஆருக்கு என்ன?"

"ஒண்டுமில்ல மகள். சும்மா உன்னைப் பாக்க வேணும்போல இருந்திச்சி" என்று சொல்லி, தாராவை வளவில் விட்டுவிட்டு, பின்னேரப் பாதைக்கே திரும்பிப் போனாள்.

விசயம் கஜானியால்தான் வெளியே வந்தது. கஜானி உதயரூபனின் தங்கச்சி, அடுத்த வளவு. வதனிக்கு ஒத்தாசையாகத் தேங்காய் திருவுகிறேன் என்று வந்து உட்கார்ந்தவள், பாதித் தேங்காய்க்குள்ளேயே கண்ணீரைத் தேங்காய்ப்பூவில் விழுத்திக்கொண்டிருந்தாள்.

"கஜானி, என்னகா?"

"ஒண்டுமில்ல மச்சாள்."

"உன்ட அண்ணன் என்ன செஞ்சவர்? உள்ளதைச் சொல்லு."

"அவன் ஒண்டும் செய்யல்ல மச்சாள். என்னட்டச் சத்தியம் வாங்கியிரிக்கான். கட்டி திரும்பி வந்திட்டெண்டு உங்களிட்ட நான் சொல்லவே மாட்டன்."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் இருந்த தேங்காய்ப்பூ முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

உடைந்த போத்தல், நனைந்த மீசை, பஸ்ஸில் தின்ற முந்திரிகை, உப்பு நண்டு எல்லாம் ஒன்றின் பின்னால் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். நெஞ்சில் இறுகிப்போன தசை இழுத்து நோக நோகச் சிரித்தாள். அழுகை முற்றிப் பைத்தியமாகிவிட்டது என்று நினைத்துக் கஜானி இன்னும் பெரிதாக அழுதாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிக்கப் பெரும் பாடாகிவிட்டது.

"அப்ப ஓடிப்போய் அண்ணனிட்டச் சொல்லுங்க மச்சாள்!"

வதனி சொல்லத்தான் எழும்பினாள். அந்த நேரம் பார்த்து உதயரூபன் வாசலால் வந்தான். கையில் சீவிய இளநீர். "வதனி, வெயிலுக்கு இதைக் குடி. காலுக்குச் சுடுதண்ணி வைக்கட்டா?" என்றான்.

வதனி திரும்பவும் உட்கார்ந்தாள். கஜானியின் கையைக் கிள்ளினாள். "வைங்க" என்றாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் தண்ணி மோட்டர் ஞாபகம் வந்தது. ஊரில் உள்ள எஞ்சினெல்லாம் திருத்துகிறவன் வீட்டு மோட்டரை மட்டும் வருசக்கணக்கில் திருத்தவில்லை. ஒரு வார்த்தை சொன்னதும் அன்றைக்கே திருத்தினான். அதற்கு மறுநாள், வாவியில் ஒரு சுற்றுப் போக வேண்டும் என்று கலியாணம் முடித்த புதிதில் கேட்ட ஆசை ஞாபகம் வந்தது. பின்னேரம் தோணியை எடுத்துக்கொண்டு வந்தான். எஞ்சின் சத்தம் அவளுக்கு இடைஞ்சல் என்று கம்பால் ஊன்றித் தள்ளிக்கொண்டே போனான். வாவிக்கரைக் கண்ணா மரங்களில் கொக்குகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. அவன் கொக்கைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு ஏதோ செய்தது. கரைக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். கரையில் யாரோ எஞ்சின் பழுது என்று காத்திருந்தார்கள். சொல்ல முடியாமல் போயிற்று. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், முற்றத்துப் படலையைத் திறந்துகொண்டு யாரோ ஒரு ஆள் வந்தான். வதனி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

"ஆர் நீங்க? அவர் கடையில இல்லையா?"

"நான்தான்" என்றான் அந்த ஆள்.

உதயரூபன்தான். தலையிலே மயிர் இல்லை. மூக்குக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை; மீசை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளிறிப்போய், பால் குடித்துவிட்டுத் துடைக்காத பிள்ளையின் வாய்போல இருந்தது. நெற்றியில் சந்தனம்.

"மண்டூர்க் கந்தனுக்கு ஒரு நேர்த்தி" என்றான். "சும்மாதான்."

"மீசையுமா?"

"மீசை போனா முளைக்கும்" என்றான். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவதுபோல நின்றான்.

வதனிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கிணற்றடிக்குப் போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இஞ்சாருங்க, எனக்கு ஒண்டுமில்ல. அந்த மிஸ் சொன்னது கட்டி இல்ல. சதை கட்டியா இரிக்கெண்டுதான் சொன்னா. நீங்க அரைகுறையாக் கேட்டுப்போட்டு ஓடியிரிக்கீங்க."

உதயரூபன் அவளைப் பார்த்தான். மெதுவாகத் தலையை ஆட்டினான். "கஜானி சொல்லிட்டாள், என்ன?"

"ஓம், அவள் சொன்னவள்தான், ஆனா..."

"நான் மனசு உடைஞ்சு போவனெண்டு நீ இப்பிடிச் சொல்லுற. முந்தியும் இப்பிடித்தானே சொன்ன. கொப்புளமெண்டு."

"ஐயோ, அது அப்ப! இது உண்மையாவே ஒண்டுமில்ல!"

"ஓம் வதனி" என்றான் அவன்.

அந்த 'ஓம்'தான் அவளை உலுக்கியது. பொய் சொன்ன காலத்தில் நம்பினான். உண்மையைச் சொன்னால் நம்புகிறான் இல்லை. சத்தியம் செய்தாள், அதையும் ஒரு நல்ல மனிசியின் கடைசிப் பொய்யாக எடுத்துக்கொண்டான். கஜானியைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தன்னைத் தேற்றுகிறார்கள் என்று சொல்லி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். இதற்கு ஒரே வழி அந்த மெசின்தான் என்று வதனிக்குப் பட்டது.

அடுத்த கிளினிக் நாளில் டொக்டர் சஹ்லா இருவரையும் கண்டதும் முதலில் மொட்டைத் தலையைப் பார்த்தாள், பிறகு வதனியைப் பார்த்தாள். வதனி நடந்ததைச் சொன்னாள். சஹ்லா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும்தான் என்று தெரிந்தது.

"என்ட வாயாலதான் இவ்வளவும்! அண்ணன், வாங்க, உள்ளுக்கு வந்து நீங்களே பாருங்க."

மனைவியின் தலைமாட்டில் கதிரை போட்டு இருத்தித் திரையைக் காட்டினாள். எல்லாம் விளக்கினாள். உதயரூபன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் சிவப்பைக் கண்டதும் அவன் முகம் கறுத்தது. "சிவப்பெண்டா கூடாதுதானே மிஸ்" என்றான். "நீங்க எனக்காகச் சொல்லுறீங்க. எனக்கு விளங்கும்."

சஹ்லா கொஞ்சம் யோசித்தாள். "சேட்டைக் கழட்டுங்க" என்றாள்.

"ஆர், நானா?"

"நீங்கதான். படுங்க."

வதனி எழும்ப, உதயரூபன் படுத்தான். எஞ்சின் கயிறு இழுத்து இழுத்து உரமேறிய நெஞ்சு. அதில் கூழ் பட்டதும் "ஆ!" என்று ஒரு சத்தம் போட்டான், கிழமைக்கணக்கில் வெளியே வராமல் கிடந்த அவனுடைய பழைய சத்தம் அது. வதனிக்குக் கேட்கச் சுகமாக இருந்தது.

கருவி நெஞ்சில் நின்றது. பெட்டிக்குள் செக்கச் செவேல் என்று வந்தது. வதனியினுடையதை விடச் சிவப்பு.

அவன் எட்டிப் பார்த்தான். "மிஸ்! எனக்குமா?"

"உங்களுக்குந்தான்" என்றாள் சஹ்லா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கையைப் பாருங்க."

அவன் பார்த்தான். இரண்டு கையாலும் படுக்கையின் விளிம்பை, புயலில் தோணியைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பயத்தில சதையை முறுக்கி வச்சிரிக்கீங்க. முறுக்கினா இறுகும், இறுகினா சிவக்கும். கையை விடுங்க. மூச்சை விடுங்க. இன்னும்."

கையை விட்டான். சிவப்பு போகவில்லை.

வதனி குனிந்து அவன் மொட்டைத் தலையில் கையை வைத்தாள். "இஞ்சாருங்க. எனக்கு ஒண்டுமில்ல. மெய்யாத்தான்."

உதயரூபன் அவளைப் பார்த்தான். அன்று போத்தல் விழுந்ததிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு ஒன்று நெஞ்சுக்குள்ளிருந்து நீளமாக வெளியே வந்தது. திரையில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, பச்சை கரைந்து நீலம் பரவியது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முறுக்காம விட்டா உங்கட சதை உடனே இளகுது" என்றாள் சஹ்லா. "அக்காட சதை விட்டாலும் இளகாது. கதிர் பட்டது. அதுக்குத்தான் பயிற்சி. இப்ப விளங்கிச்சா?"

"விளங்கிச்சி மிஸ்" என்றான் உதயரூபன். சட்டையைப் போட்டுக்கொண்டே, "அப்ப இவளுக்கு இப்ப எப்பிடி இரிக்கு?" என்று கேட்டான்.

சஹ்லா வதனியைத் திரும்பவும் படுக்கவைத்து அளந்தாள். முன்பு இருந்ததைவிட, திரையில் இறுக்கத்தைக் காட்டுகிற எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. பயிற்சியினாலா என்று வதனி கேட்டாள். "ஆராய்ச்சி முடியாம அதை நான் சொல்லமாட்டன். ஆனா செய்யிறதை விட்டுடாதீங்க" என்றாள் சஹ்லா.

பஸ்ஸில் உதயரூபன் சன்னல் பக்கத்து ஆசனத்தில் தானே போய் இருந்துகொண்டான். கல்லடிப் பாலம் தாண்டும் வரைக்கும் வாவியைப் பார்த்து ஊமையாகச் சிரித்துக்கொண்டே வந்தான். காத்தான்குடி தாண்டும்போது சிரிப்பு நின்றது. ஏதோ யோசித்தான்.

"வதனி. கஜானி உனக்கு எப்ப சொன்னவள்?"

வதனி எதிர் ஆசனத்தின் முதுகைப் பார்த்தாள். "முந்தியே."

"மோட்டர் திருத்துறத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"...முந்தி."

"தோணியில போனத்துக்கு?"

"அதுக்கும் முந்தித்தான்."

"அப்ப நான் மண்டூருக்குப் போகக்குள்ள உனக்குத் தெரியும்!" பஸ்ஸில் நித்திரையாகிக் கிடந்தவர்களெல்லாம் எழும்பினார்கள். "எல்லாம் தெரிஞ்சுகொண்டு என்ட மீசையைச் சிரைக்க விட்ட!"

"மண்டூருக்குப் போறீங்கெண்டு ஆர் எனக்குச் சொன்ன?"

"நண்டுக்கறி! அந்த நண்டுக்கறி மனிசன் தின்னுற கறியா? என்ட நாக்கில இன்னும் உப்புக் கிடக்கு!"

"நல்லாரிக்கெண்டுதானே சொன்னீங்க!"

நடத்துநர் வந்து, "அண்ணன், கொஞ்சம் மெதுவா" என்றான். உதயரூபன் அவனுக்கும் சேர்த்துக் கத்தினான். களுவாஞ்சிக்குடி போகும் வரை ஓயவில்லை. வதனி பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே வந்தாள். முன் ஆசனத்தில் இருந்த ஒரு பெண் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தபோது, அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இவ்வளவு நிம்மதியாக அவள் அண்மையில் ஒரு பயணமும் போனதில்லை.

ஊருக்குச் சொல்வதுதான் பெரிய வேலையாகப் போனது. ஒன்றுமில்லை என்று சொன்னால் சனம் நம்பவில்லை. "பாவம், மனத்தைரியத்தில பேசுறா" என்றது. உதயரூபன் சந்தியில் நின்று யாரையோ தொண்டை கிழியத் திட்டிய பிறகுதான், வீட்டில் நல்ல செய்தி என்று எல்லோரும் நம்பினார்கள்.

சீதேவிப்பிள்ளை மாமி மட்டும் நேரே வந்து விசாரிக்காமல் விடுகிற ஆள் இல்லை. திரும்பவும் பாதை ஏறி வந்தாள். இந்த முறை கையில் ஒன்றும் இல்லை. கதிரையில் உட்கார்ந்து, வதனியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நான் பாதையில வரக்குள்ள அழுத அழுகை? என்னைப் பாத்துப் பாதைக்காரனும் அழுதான். அவனிட்ட நான் இப்ப என்னத்தைச் சொல்ல?"

"எனக்குச் சுகம் வந்திட்டெண்டு சொல்லுங்க மாமி."

"எங்க, கையைத் தூக்கு, பாப்பம்."

வதனி சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சுவரைத் தொடாமலே வலது கையைத் தூக்கினாள். தோளைத் தாண்டியது. இழுத்தது. மூச்சை விட்டாள். காது வரைக்கும் வந்தது. காதுக்கு மேலே கொஞ்சம் வளைந்துதான், ஆனால் வந்தது. கதவடியில் நின்ற உதயரூபன் கத்துவதற்கு வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றான்.

"அவ்வளவுதானா?" என்றாள் மாமி.

"இன்னும் வரும் மாமி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்."

"வரட்டும். முழுக்க வந்த பொறகு எனக்கு அறிவி. நான் வந்து பாக்கிறன்." மாமி எழும்பி, கதவடியில் நின்ற மொட்டைத் தலையை ஒரு பார்வை பார்த்தாள். "ஆனா இவனிட்டச் சொல்லி அனுப்பாத."